ஏழாம் மாதத்துத் தண்ணீர்

2024 ஜனவரி 17, புதன்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நான்கு குடமும் நிரம்ப முப்பத்தைந்து நிமிடம். ஏழுக்கு மருமகளுக்கு இட்லி நான்கு. எட்டரைக்கு எலுமிச்சைச் சாற்றுடன் இரும்புச்சத்து மாத்திரை; டீ அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான். அன்று அவளுக்கு இருபத்தொன்பதாம் வாரம் தொடங்கியது.

பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நான். மருமகள் உண்டானது தெரிந்ததும் அவளுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். முதல் மூன்று மாதம் வாந்தி, தாளிக்கிற வாசனை ஆகாது, அடிக்கடி சிறுநீர். நான்காம் மாதம் சோறு இறங்கியது. இருபதாம் வாரம் ஒரு மாலை, அடிவயிற்றில் குமிழி உடைகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிள்ளையின் முதல் அசைவு. ஏழாம் மாதம் சாயங்காலமானால் கால் வீக்கம், நெஞ்செரிச்சல். பிள்ளை அழுத்துவதால் சிறுநீர் மறுபடி அடிக்கடி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால், "பரவாயில்லை, ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் போகிறாள்" என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று பத்து மணிக்கு அவளுக்குக் குளிர்நடுக்கம், அடிவயிற்றில் வலி. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினோம். சிறுநீரில் கிருமி. இப்படியே விட்டால் நாள் ஆகும் முன்பே பிரசவ வலி வந்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. என் நோட்டைப் புரட்டி, நான் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டு இந்தியில் சொன்னார்.

"ஆன்ட்டி, சப் லிக்கா. பானி நஹி லிக்கா."

எல்லாம் எழுதியிருந்தேன். தண்ணீரை எழுதவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன தம்ளர்ட்டி குடிக்க?" என்றேன் மருமகளிடம்.

"ரெண்டு. குடிச்சா போணும்லா அத்தே. இந்த வயித்த வச்சிக்கிட்டு அரை மணி நேரம் எப்படி நிக்க?"

எங்கள் சந்தில் எந்த வீட்டிலும் கழிவறை கிடையாது. சந்தின் முனையில் பொதுக் கழிவறை. பெண்கள் பக்கம் ஆறு கதவு, அதில் இரண்டு எப்போதும் பூட்டு. முப்பது வருடமாக வரிசையில் நின்று பழகிய எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவளோ இதே நகரத்தில் பாண்டுப் பக்கம், வீட்டுக்குள்ளேயே கழிவறை இருந்த இடத்தில் வளர்ந்தவள். ஆனாலும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. தாகத்தை அடக்கிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் மாத்திரை போட்டாள். மாலைக்குள் ஐந்து தம்ளர் குடித்தாள். ஐந்தரைக்கு வாளியை எடுத்தாள். நானும் போனேன். வரிசையில் பதினெட்டுப் பேர். நான் பழக்கத்தில் கடைசியில் போய் நின்றேன். அவள் நிற்காமல் நேரே முன்னால் போனாள்.

"ஏ மகாராணி, எங்க போற? நம்பர் இல்லியா?" முன்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி மறித்தாள். "நாங்களும் மூணு பெத்தவங்கதான். லைன்ல நின்னுதான் பெத்தோம்."

"உள்ள ஒரு ஆளு என் மூத்திரப்பைய மிதிச்சிக்கிட்டு கெடக்கு சித்தி. அதுகிட்ட சொல்லுங்க லைன்ல நிக்கச் சொல்லி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, முதலில் தமிழிலும் பிறகு இந்தியிலும் சொன்னாள்: "டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்லிட்டாங்க. குடிக்காட்டி பிள்ள முந்திப் பொறந்துரும். இனிமே நா நிக்க மாட்டேன். எனக்குப் பொறவு யாரு வயித்தோட வந்தாலும் அவளும் நிக்க வேண்டாம்."

எதிர்வீட்டுக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வாயப் பாரு இவளுக்கு! போடி, சீக்கிரம் போ. மூணாவது கதவுல தாப்பா சரியில்ல, நா பிடிச்சிக்கிடுதேன்."

கடைசி ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பிள்ளை பெற்றவள் நானும். மூன்று முறையும் நா வறண்டுதான் கிடந்தேன். ஒரு முறைகூட இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "யாரு வீட்டுப் பிள்ள அது?" என்றாள்.

"எம் மருமக," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு அவளை எழுப்பினேன். உட்கார்ந்தபடியே முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.