அறுபது நிமிடக் கேசட்டில் அடங்காத கதை

எனக்கும் என் அண்ணனுக்கும் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. கணபதி ஏரியாவில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரே வாடகை வீட்டில்தான் இரண்டு பேரும் கிடந்தோம். எங்கள் சண்டை முழுக்க ஒரு இங்கிலீஷ் கேசட்டைப் பற்றியது. அதில் இருப்பது ஒரே கதை என்பார் அவர். வெறும் பத்துப் பாட்டு என்பேன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். கொஞ்ச நாளில் அண்ணி மகளைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போனார். ஒரு வாரத்தில் வருவதாகச் சொன்னவர் வரவேயில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசிக் கூட்டி வரலாம். சலித்துப் போனவரை என்ன சொல்லி அழைப்பது?

மாதம் ஒருமுறை அண்ணியின் அண்ணன் பஸ் ஏறி வருவார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தத் தெரியாதவர். காப்பி குடித்து முடித்ததும் தரையைப் பார்த்தபடி, "பெரியவங்கள வெச்சுப் பேசித் தீத்துக்கலாமுங்க மாப்ள" என்பார். எங்கள் பக்கம் தீர்த்துக்கொள்வது என்றால் கல்யாணத்தை முறித்துக்கொள்வது. அண்ணன் அசைய மாட்டார். "வருவாளுங்க மச்சான். கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பிவிடுவார்.

இந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது அந்தக் கேசட்தான். சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் உண்மை. ஐ.டி.ஐ.யில் படித்த காலத்தில் காந்திபுரத்து ரெக்கார்டிங் சென்டர் ஒன்றில் அவர் பதிந்து வாங்கியது. அப்போதெல்லாம் காலிக் கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து வைத்திருப்பார். பிறகு உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிழிந்த வெளிநாட்டுப் பாட்டுப் பத்திரிகை ஒன்று அண்ணன் கையில் சிக்கியது. சில ராக் குழுக்கள் பாட்டுகளைத் தனித்தனியாகப் போடாமல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே கதையாகச் சொல்வார்கள், அதற்குக் கான்செப்ட் ஆல்பம் என்று பெயர் என அதில் எழுதியிருந்தது. அவருடைய கேசட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவர் சொன்ன கதை இது. ஒருவன் ஊர் ஊராகத் திரிகிறான். முதல் பக்கத்தின் கடைசியில், நீளமான பாட்டு ஒன்றில், அவனைக் கடல் இழுத்துக்கொண்டு போகிறது. குரல் தேய்ந்து அலைச் சத்தம் மட்டும் மிஞ்சும். இரண்டாம் பக்கத்தில் கரையேறி நடக்கிறான். கடைசிப் பாட்டில் தன் வீட்டைப் பார்க்கிறான். கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது.

"கடலுக்குப் போனவனே ஊட்டுக்கு வந்துட்டான் பாரு, அம்மணி" என்பார் என்னிடம்.

கடல் பாட்டு முடிந்ததும், மிச்சமிருந்த டேப்பில் பாதி முருகன் பாட்டு வரும். டேப்பைக் காலியாக விட்டால் வாடிக்கையாளரை ஏமாற்றியதாகிவிடும் என்பது அந்தக் கடைக்காரரின் கொள்கை. "கடல்ல உளுந்தவன் மருதமலைக்கு எப்படிங்ணா போனான்?" என்று கேட்பேன். அது கடைக்காரர் சேர்த்தது என்று அண்ணன் எரிந்துவிழுவார். முருகனைச் சேர்த்தவர் வேறு என்னென்ன செய்திருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஓடி ஓடித் தேய்ந்த டேப் ஒருநாள் பிளேயரில் சிக்கி அறுந்தது. அதே கடையில் புதிதாகப் பதிந்து வரலாம் என்றேன். பல வாரங்களுக்குப் பிறகு அண்ணன் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு என்னோடு கிளம்பினார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

கடைக்காரர் இசைத்தட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அண்ணன் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். வீடும் விளக்கும் வரும் பாட்டு அதில் முதலாவதாக இருந்தது. கடல் பாட்டு கடைசியில்.

"அளவு பாத்து மாத்திப் போடறதுதானுங்க" என்றார் கடைக்காரர், கொஞ்சம் பெருமையாகவே. "அறுபது நிமிசக் கேசட்டுல அந்த நீளப் பாட்டு பின்பக்கத்துல அடங்காதுங்க. பாதியில அறுந்துபோனா பார்ட்டிங்க சண்டைக்கு வந்துருவாங்க. தொண்ணூறு நிமிசக் கேசட்டுன்னா அப்படியே அடிச்சுத் தாரேனுங்க."

"பழைய மாதிரியே போடுங்க" என்றேன் அவசரமாக.

"இல்லீங்க. இதுல இருக்கற மாதிரியே அடிங்க" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து கேட்டோம். அதே கிடார், அதே குரல், அதே வார்த்தைகள். ஆனால் வீட்டுப் பாட்டை முதல் பாட்டாகக் கேட்கும்போது அந்த ஆள் வீட்டுக்கு வந்து நிற்கவில்லை. தெருவில் இறங்கிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தப் பாட்டிலும் வீடு வரவில்லை. கடைசியில் கடல் வந்தது, பிறகு டேப்பின் வெறும் இரைச்சல்.

அன்றைக்கு வாதாடியதைப் போல நான் என் வாழ்க்கையில் வாதாடியதில்லை. இது வெறும் பத்துப் பாட்டு, யாரோ எப்போதோ தனித்தனியாக எழுதியது, எந்த வரிசையில் வேண்டுமானாலும் கேட்கலாம், பத்திரிகைக்காரன் உளறியிருக்கிறான் என்றெல்லாம் சொன்னேன். இத்தனை வருடம் அவரைச் சீண்டுவதற்காகச் சொன்னதை அன்றைக்கு அவர் நம்பியே ஆகவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"இல்ல, அம்மணி. கதை இருக்குது" என்றார் பொறுமையாக. "முந்தி கடலுக்குப் பொறவு எப்படி வந்தான்னு ஒரு எடம் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப எங்கயும் இடிக்கறதில்ல. இது கான்செப்ட் ஆல்பந்தான்."

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. மாற்றிப் போட்டதற்காக அல்ல. அந்த உறையை அண்ணன் கையில் கொடுத்ததற்காக.

அடுத்த மாதம் அண்ணியின் அண்ணன் வழக்கம்போல வந்தார். காப்பி குடித்தார், தரையைப் பார்த்தபடி வழக்கமானதைச் சொன்னார்.

"சரிங்க மச்சான். நீங்க சொல்ற நாளைக்கு வாரேனுங்க" என்றார் அண்ணன்.

அதைக் கேட்கத்தான் அவர் அத்தனை மாதம் பஸ் ஏறி வந்திருந்தார். ஆனாலும் எழுந்து கிளம்பவில்லை. "இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்க மாப்ள" என்றார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லு கண்ணு" என்றார்.

சொல்லவேண்டியதை எல்லாம் புதுக் கேசட் கேட்ட அன்றைக்கே அண்ணனிடம் சொல்லித் தீர்த்திருந்தேன்.