இடது ஓரத்தில் நின்றவன்

டிப்போவில் அவருக்கு ஃபிரேம் என்று பெயர். வைத்தவர் மெக்கானிக். எந்தப் படம் பார்த்துவிட்டு வந்தாலும், "கதையெல்லாம் கிடக்கட்டும், அந்த ஃபிரேமைப் பார்த்தியா?" என்றுதான் மனிதர் ஆரம்பிப்பார். பஸ் ஓட்ட வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதில் இருபது வருடமாக ஃபிரேம். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை காலை, முதல் நடை முடித்து வண்டிகள் திரும்பியதும், டிப்போ கேன்டீனின் கடைசி மேசையில் சபை கூடும். மொத்தம் நாலு பேர். ஃபிரேம், அவர் வண்டியிலேயே டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரம்மா, மெக்கானிக், டைம்கீப்பர். மெக்கானிக்குக்குப் படத்தில் லாஜிக் வேண்டும். பேய்ப் படத்தில்கூட பேய் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று கேட்பவர். கண்டக்டரம்மாவுக்கு அழுகை வந்தால் நல்ல படம், வராவிட்டால் மோசம். டைம்கீப்பர் தங்கமான மனிதர், எந்தக் குப்பையைப் பார்த்தாலும் "ஒரு தடவை பார்க்கலாம்" என்பார். நாலு பேரும் சேர்ந்து ஒரு படத்தை ஒரே வாயால் பாராட்டியதாகச் சரித்திரமே இல்லை.

சபைக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் இருப்பதை இல்லை என்று சாதித்துத் தோற்றவர், அதே படத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். ஜெயித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சுட்டிக்காட்டுவார். இந்தச் சட்டத்தால் மெக்கானிக் ஒரு மூன்று மணி நேர அழுகைப் படத்தை இரண்டு முறை பார்த்து நொந்து போயிருக்கிறார். ஃபிரேம் மட்டும் இதுவரை ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்த வாரம் ஒரு கொலைப் படம். பெரிய வீடு, பெரிய குடும்பம், இடைவேளைக்குப் பிறகு வரிசையாகச் சாவு.

"முதல் சீன்லயே கொலைகாரனைக் காட்டிடறான்ல, அந்த இடம் எனக்குப் புடிச்சுது," என்றார் மெக்கானிக். "எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்காங்க. இடது பக்கம், திரைச்சீலை ஓரமா, ஒருத்தன் சும்மா நிக்கிறான். கேமரா அவனைக் கண்டுக்கவே இல்ல."

"ஐயோ, ஆமா! எனக்குக் கையில முடியெல்லாம் நட்டுக்கிச்சு," என்றாள் கண்டக்டரம்மா.

ஃபிரேம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எவன் நிக்கிறான்?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே."

"யாரும் நிக்கல. நடுவுல அப்பா, வலது பக்கம் அம்மா, மேசை மேல விளக்கு. இடது பக்கம் காலி. அந்தக் காலி இடம்தான்யா அந்த ஃபிரேமுக்கே அழகு!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். டைம்கீப்பருக்குப் புரையே ஏறிவிட்டது. ஃபிரேம் விடுவாரா? தான் பார்த்தது பழைய மார்க்கெட் தியேட்டரில் என்றும், அங்கே திரை சின்னது, படத்தின் ஓரத்தை வெட்டித்தான் போடுவான் என்றும் வாதாடினார். சினிமா பைத்தியங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் கிடைத்துவிடும். சபை ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு, வேறு தியேட்டரில், ஊரிலேயே பெரிய திரையில், மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று தீர்ப்பானது.

அந்தச் சீன் வந்தது. நடுவில் அப்பா, வலது பக்கம் அம்மா, மேசை மேல் விளக்கு. ஃபிரேம் மெக்கானிக்கின் தொடையில் தட்டினார்.

"பார்த்துக்கோ. எவன் நிக்கிறான்?"

"அந்தா நிக்கிறானேய்யா, கல்லு மாதிரி!"

ஃபிரேம் தலையை இடது பக்கம் திருப்பினார். நிற்கிறான். சாம்பல் நிறச் சட்டை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைச்சீலையை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கிறான். தலையை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். அவனைக் காணோம். அந்த இடத்தில் இருட்டுகூட இல்லை. கறுப்பாக ஏதாவது தெரிந்திருந்தால்கூடத் தேவலை. வெறும் சுவர் சாதாரணமாகத் தெரிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். நிற்கிறான். நடுவுக்கு வந்தார். இல்லை.

கொலைகாரனைப் பார்த்து அந்தக் கொட்டகையே பயந்துகொண்டிருந்தது. அவர் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். இடது பக்கம் என்றால் பஸ்ஸின் வாசல் இருக்கும் பக்கம். ஆட்கள் ஏறி இறங்கும் பக்கம்.

"என்னப்பா, தெரியுதா?" என்றார் மெக்கானிக்.

"ம்ம். தெரியுது. ஒத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதே மெக்கானிக்குக்கு ஏமாற்றமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டார். பின்னாலிருந்து இடது பக்கமாக மெல்ல நடந்து வரச் சொன்னார்.

"ஐம்பத்திரண்டு வயசுல கண்ணாமூச்சி கேக்குதா உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் அந்த அம்மாள் வந்தாள். தோளைத் தாண்டினாள். முழங்காலைத் தாண்டினாள். "வந்துட்டேன்" என்றாள். அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டு, "இன்னும் வா" என்றார். அவள் கையிலிருந்த கரண்டியை அவர் முகத்துக்குப் பக்கத்தில் ஆட்டினாள். "இன்னும் வா," என்றார் மறுபடி.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னங்க," என்றாள், "அதனாலதான் போன மாசத்துலேருந்து நிலைக்கதவுல இடிச்சுக்கறீங்களா?"

இடது தோளில் இருந்த காயத்தை அவரும் பார்த்திருக்கிறார். வீட்டுக் கதவு குறுகல் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனார். லீவு போடச் சொல்லி அவள் சொன்னதற்கு, திங்கட்கிழமை லீவு கேட்டால் டைம்கீப்பர் முறைப்பார் என்று சமாளித்தார். உண்மையில் டைம்கீப்பருக்கு முறைக்கவே தெரியாது. தனக்குப் பழகின சாலை, ஜாக்கிரதையாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று ஒரு நப்பாசை.

பள்ளிக்கூட நேரம். நிறுத்தத்துக்காக வண்டியை இடது பக்கம் ஒடித்தார். கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் ஒடித்தார். உடனே நீளமாக ஒரு விசில், கூடவே தகரத்தை யாரோ படபடவென்று அடிக்கும் சத்தம். "அண்ணே! அண்ணே! நிறுத்துங்க!" என்று கண்டக்டரம்மா கத்தினாள். அவர் பிரேக்கை மிதித்த மிதியில் நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து சரிந்தார்கள்.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள். ஓட்டி வந்தவர் ஒரு காலை நடைபாதையில் ஊன்றி, உடம்பை பஸ்ஸிலிருந்து வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சின்னப் பெண். அவள் முதுகில் மஞ்சள் பை. பையின் ஓரம் பஸ்ஸில் உரசி, தூசி கோடாக அப்பியிருந்தது. அவளுடைய அப்பா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அது ஃபிரேமின் காதில் விழவே இல்லை. அந்தப் பெண் அழாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுக்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம், டிப்போவில் யாருக்கும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவரம்மா எழுத்துப் பலகையைக் காட்டியதும் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தார். டிப்போவில் வருடா வருடம் நடக்கும் சோதனையிலும் இதைத்தான் வாசித்துத் தேறிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரங்களில் புள்ளி வெளிச்சம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெகு நேரம் அமுக்க வேலையே இல்லாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இயந்திரம் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். பாவம், அதுவரைக்கும் நினைத்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"கடை வச்சிருக்கேன்," என்றார் ஃபிரேம். "பேப்பர் கடை."

"நல்லதாப் போச்சு. வண்டி மட்டும் ஓட்டாதீங்க. உங்களுக்கே தெரியாம யாரையாவது இடிச்சிடுவீங்க."

இரவு மனைவி கேட்டாள், "வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்களா?" "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றார். அவள் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அவர் ஏன் இப்படிச் செய்தார் என்றால், டிப்போ வாசலில் ஒரு நாற்காலி இருக்கிறது. கண் போனவர்களையும் முதுகு போனவர்களையும் அதில்தான் உட்காரவைப்பார்கள். உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி, இவற்றின் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். இதற்கு முன் அதில் உட்கார்ந்தவர் பெரிய ஓட்டுநர். மலைப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்பார்கள். ஒரே வருடத்தில் அவரைப் பார்த்து எல்லோரும் "வாசல்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஃபிரேமும்தான் கூப்பிட்டார். அந்த நாற்காலி அவரைப் பயமுறுத்தியது. மஞ்சள் பை அதைவிடப் பயமுறுத்தியது. இரண்டு பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தினமும் போய் வண்டியை எடுத்தார்.

இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டினார். இடது பக்கம் பார்க்கும்போது வலது பக்கம் யார் வருகிறார்களோ என்று உடனே அந்தப் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை எடுக்குமுன் மூச்சை நிறுத்திக்கொண்டு, சக்கரத்தில் ஏதாவது இடறுகிறதா என்று காலால் கேட்டார். "என்னண்ணே, கழுத்து சுளுக்கா?" என்று கண்டக்டரம்மா கேட்டாள். "ஆமா, தலகாணி சரியில்ல," என்றார். சட்டை முதல் நடையிலேயே நனைந்துவிடும். பசி போய்விட்டது. சினிமாவுக்கும் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. முதல் நடையை முடித்துவிட்டு, வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார். பதினொன்றே காலுக்கு அடுத்த நடை. மூன்று பேரும் புதுப் படம் ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்ன பார்த்தே?" என்றார் மெக்கானிக், இடது பக்கத்து நாற்காலியிலிருந்து.

"டிவில ஒண்ணு பார்த்தேன். பேர் தெரியல, பாதியிலேருந்துதான் பார்த்தேன். ஒரு பஸ் டிரைவர் கதை."

"அட, நம்ம ஆளு!"

"அவனுக்கு ஒரு பக்கம் கண்ணு தெரியாமப் போயிடுது. டாக்டர் வண்டி ஓட்டாதேன்னு சொல்லிடறார். அவன் யார்கிட்டயும் சொல்லாம ஓட்டிட்டே இருக்கான்."

"தெரிஞ்சா ஓட்டறான்?"

"தெரிஞ்சுதான்."

"எத்தனை நாள்?"

"நாலு நாள்."

மெக்கானிக் மேசையில் ஓங்கித் தட்டினார். "லாஜிக்கே இல்லையேய்யா! ஐம்பது பேர் ஏறுற வண்டி. அவன் ஹீரோவா, வில்லனா? யாராவது செத்தப்புறம் உக்காந்து அழுவானாக்கும், நாம பாவம்னு சொல்லணுமாக்கும். என்னைக் கேட்டா, முதல் நாளே சாவியைக் குடுத்திருக்கணும். இதெல்லாம் ஒரு படமா?"

"இல்லப்பா, அவனுக்கும் என்ன பயமோ," என்றார் டைம்கீப்பர். "ஒரு தடவை பார்க்கலாம்."

ஃபிரேம் இருபது வருடமாகக் கேட்கிற விமர்சனம்தான். இன்றைக்குத்தான் உறைத்தது.

வழக்கமாக முதலில் வாயைத் திறக்கும் கண்டக்டரம்மா அதுவரை பேசவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்துல சைக்கிள் வருதாண்ணே?"

"வருது."

"பின்னாடி ஒரு பொண்ணு? மஞ்சள் பை?"

"ஆமாம்மா."

"நீயும் பார்த்துட்டியா?" என்றார் மெக்கானிக், இன்னும் புரியாமல். "எந்தச் சேனல்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மோசமான படத்துக்குக்கூட அழுகிறவள், அன்றைக்கு அழவில்லை. பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. அந்த நாலு நாளும் அவளும்தானே அந்த வண்டியில் விசில் ஊதிக்கொண்டிருந்தாள்.

ஃபிரேம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து டைம்கீப்பர் முன்னால் வைத்தார்.

"சார், பதினொண்ணே காலுக்கு வேற ஆளைப் போடுங்க. இனிமே எனக்குப் போடாதீங்க. பயமா இருக்கு சார்."

டைம்கீப்பர் சாவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் அவருக்கு வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, நடைத்தாளில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுத எழுந்து போனார்.

"போன வாரம், அந்தத் தியேட்டர்ல..." என்று ஆரம்பித்து மெக்கானிக் நிறுத்திக்கொண்டார். ஃபிரேம் திரும்பவில்லை. நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது பக்கத்தில் ஒரு மனிதன் கண் கலங்கி உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இப்பத் தெரியறேனா?"

"தெரியறே," என்றார் ஃபிரேம்.