எழில்மதியின் இடது கை

வடக்கனந்தலில் எழில்மதி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. இடது தொடையில் இடது கையை ஊன்றி ஊன்றி நடப்பாள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் அந்தக் காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கால் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கைதான் செய்கிறது. அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டும் கூலிகள். அந்த வீட்டிலிருந்து படித்து, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் ஆசிரியர் வேலை வாங்கினாள். கல்வராயன் மலைக்கு மேலே ஒரு தொடக்கப் பள்ளியில் போட்டார்கள். தரையில் நடக்கவே சிரமப்படுகிறவளை மலை ஏறச் சொன்ன புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

பஸ் படி அவள் இடுப்புக்கு வந்தது. மூன்று சக்கர ஸ்கூட்டர் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. மிச்சம் கார்தான். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும், அது அவளிடம் இல்லை. அசல் ஆட்டோமேட்டிக் காரின் விலையைக் கேட்டால் இருக்கிற காலும் நடுங்கும். அப்போதுதான் சின்னசேலத்து புரோக்கர் ஒருவர், ஏழு வருஷம் ஓடிய வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினார். ஏ.எம்.டி. வண்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்தவும் கியரை மாற்றவும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன இயந்திரம் இருக்கும்.

“லேடீஸ் ஓட்டுன வண்டிங்க. மலைன்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது” என்றார் புரோக்கர். பெருமையாகத்தான் சொன்னார். எழில்மதியும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

ஆவணி மாசம் முதல் தடவையாக அது நடந்தது. பரிகம் தாண்டி ஏறும்போது நான்காவது வளைவு. ‘இரண்டு’ என்று காட்டிக்கொண்டிருந்த கியர் எண் மினுக்கியது, பீப் பீப் என்று கத்தியது, அப்புறம் அங்கே எந்தக் கியரும் இல்லை என்று காட்டும் நியூட்ரல் எழுத்து வந்து நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறியது. வண்டி மட்டும் முன்னால் போகாமல் மெல்லப் பின்னால் உருண்டது. பின்னால் பள்ளம். பின் சீட்டில் அதே பள்ளியில் மூன்றாவது படிக்கும் மகள் தேவிப்ரியா. எழில்மதி பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். சாவியை அணைத்துப் பத்து எண்ணி மறுபடி போட்டதும் ஒன்றுமே நடக்காதது போல முதல் கியர் விழுந்தது.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் வீரமுத்து கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். “ஒரு கோளாறும் காட்டலிங்க டீச்சர். கிளட்ச் கொஞ்சம் தேஞ்சிருக்கலாம். தேயாமயும் இருக்கலாம். அந்த ஆக்சுவேட்டர்னு ஒண்ணு இருக்குது, அதுதான் கிளட்சப் புடிச்சி வுடறது. அது இன்னிக்கு நல்லாதான் கீது.” நாளைக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு காலையில் கூடவே மலைக்கும் வந்தார். வண்டி வெண்ணெய் போல ஏறியது. இறங்கும்போது அவர் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

ஐப்பசியில் அதே வளைவில் ஒரு தடவை. தை மாசம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வண்டியில் அவளும் பிள்ளையும் மட்டும்தான்.

கணவன் சிவசங்கர் கரும்பு லாரி ஓட்டுகிறவன். பதினைந்து வருஷ அனுபவம். கெட்டவன் இல்லை, அவளிடம் குரலை உயர்த்தியதுகூட இல்லை. மூன்று தடவையும் ஒரே பதிலைத்தான் மெதுவாகச் சொன்னான்.

“வண்டி எப்டி தானா நியூட்ரலுக்குப் போவும் மதி? உன் கால் மரத்துப்போயி எங்கனா பட்டிருக்கும். கையாவது கியர்ல இடிச்சிருக்கும். உனக்கே தெரிஞ்சிருக்காது.”

“என் கால் அங்க வரவே வராதுங்க.”

“சரி வுடு. ஆனா ஹேண்ட்பிரேக்கப் புடிச்சிக்கினு யாராச்சும் வண்டி ஓட்டுவாங்களா?”

அவள் ஓட்டினாள். ஆவணிக்குப் பிறகு அந்த இடது கை ஹேண்ட்பிரேக்கை விட்டு நகரவில்லை. ஏறும்போது உள்ளங்கை வேர்த்து அந்தப் பிடி வழுக்கும், புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பிடிப்பாள். மலையடிவாரத்தில் கோமுகி அணை கண்ணில் பட்டாலே வேகத்தைக் குறைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே திங்கட்கிழமையின் நான்காவது வளைவு வந்துவிடும், சோறு இறங்காது.

பள்ளத்தை விடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. அவன் சொல்வது நிஜமாக இருந்தால்? வீரமுத்துவின் பார்வையும் சொன்னதுபோலத் தப்பு அவள் காலில் இருந்தால்? அப்படியானால் இந்த வண்டியை மாற்றியும் பிரயோஜனமில்லை, அவள் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. வண்டி இல்லையென்றால் மலை இல்லை, மலை இல்லையென்றால் வேலை இல்லை. கரும்பு வெட்டவும் அந்தக் கால் உதவாது. அதைவிட, பிள்ளையைத் தினமும் சாவுக்குப் பக்கத்தில் கூட்டிப் போவது வண்டியா, தானா என்றே அவளுக்கு நிச்சயமில்லாமல் போனது. யாரிடமும் சொல்லாமல் மாடிப் படியில் உட்கார்ந்து அந்தக் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. வலிக்கிற காலுக்கு இடிப்பது தெரியாமலா போகும்?

பங்குனியில் கரும்பு அரவை முடிந்து சிவசங்கர் வீட்டில் இருந்தான். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பாத்திரங்கள் இரண்டு மூட்டை கொண்டு போக வேண்டியிருந்தது. “இன்னிக்கு நான் ஓட்டுறேன். உன் பயத்த இன்னியோட முடிச்சிடலாம்” என்று சாவியை வாங்கிக்கொண்டான். ஒரு மூட்டை டிக்கியில் ஏறியது. மற்றது பின் சீட்டில், தேவிப்ரியாவுக்குப் பக்கத்தில்.

வெயில் பத்து மணிக்கே கொளுத்தியது. ஏ.சி. ஓடியது. அவன் லாரிக்காரன், ஒரு கையால் ஸ்டியரிங்கை அலட்சியமாகச் சுற்றினான். முதல் மூன்று வளைவும் பேசிக்கொண்டே ஏறினான். எழில்மதி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டி சரியாக ஏறிவிட வேண்டும் என்று வேண்டினாள், ஏறிவிடவே கூடாது என்றும் வேண்டினாள். இரண்டையும் ஒரே சாமியிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

நான்காவது வளைவில் எண் மினுக்கியது.

பீப் சத்தம். இன்ஜின் அலறல். “ஏய், இன்னா இது!” என்று சிவசங்கர் கத்தினான். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவனுடைய இடது கால் கிளட்சைத் தேடி எகிறிப் பாய்ந்தது. அங்கே கிளட்ச் இல்லை. வெறும் தரையை ஓங்கி மிதித்தான், மறுபடி மிதித்தான். வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு பிரேக்குக்குப் போகவே இல்லை. கை கியரைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளியது. பாத்திர மூட்டைகளின் பாரத்தோடு வண்டி பின்னால் சரிந்தது, பின் கண்ணாடியில் ரோடு முடிந்து வானம் தெரிந்தது.

எழில்மதியின் மடியில் டிபன் பை இருந்தது, வலது கை அதன் வாரில் சிக்கிக்கொண்டது. இடது கை உடம்புக்குக் குறுக்கே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, தோள்பட்டை தெறிக்கிற அளவுக்கு இழுத்தது. வண்டி குலுங்கி நின்றது.

“பிரியா, எறங்கு!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின் கதவு திறந்து மூடியது. தேவிப்ரியா மலைப் பக்கமாக இறங்கி, நான்கு எட்டு ஓடி, ஒரு பாறையில் முதுகை ஒட்டி நின்றாள். முகத்தில் பதற்றமே இல்லை.

சிவசங்கரின் கால்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நல்ல கால்கள், இரண்டும். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினான். ஒரு பெரிய கல்லைப் புரட்டி வந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். எழில்மதி உள்ளேயே இருந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். உயிர் போகப் பார்த்த இடத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று தோன்றியும் அழுகை நிற்கவில்லை. “என் கால் இல்லைங்க. என் கால் இல்ல.”

அவன் மகளிடம் போனான்.

“அப்டி எறங்கி ஓடறதுக்கு உனுக்கு யாரு கண்ணு சொல்லிக்குடுத்தாங்க?”

“அம்மாதான். வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி வெச்சிக்கினு தெனம் பழகுவோம். மலைப் பக்கமாதான் எறங்கணும், திரும்பிப் பாக்கக் கூடாது, அம்மா கூப்டாகூட வரக் கூடாது.” சொல்லிவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “நாலாவது வளைவு வந்தா கதவுல கைய வெச்சிக்கணும்பா. அம்மா உங்கிட்ட சொல்லலியா?”