குருவி கொத்திய பழம்

என் வீட்டுப் பின்புறம் ஆறு தொட்டிகளில் ஸ்ட்ராபெரி இருக்கிறது. பழுக்கத் தொடங்கினால் காலையில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன். ஒன்று குறைந்தால் வீட்டில் யாரையும் கேட்பதில்லை. குருவி என்று வைத்துக்கொள்வேன்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊரில் சாமையும் மரவள்ளியும்தான் பயிர். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கொடைக்கானல் பக்கம் ஒரு பழத்தோட்டத்தில் கூலி வேலையில் இருந்தார். புதிதாகக் கல்யாணமான சித்தி எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு புரட்டாசியில் சித்தப்பா ஈரச்சாக்கில் சுற்றிய ஸ்ட்ராபெரி நாற்றுகளோடு செம்மேட்டில் பஸ் இறங்கி வந்தார். இனி வேலைக்குப் போகவில்லை, ஓடையோரத்து அரை ஏக்கரைக் கொடுத்தால் இதையே பயிர் செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டார். பழம் எவ்வளவு பெரிது என்று அப்பா கேட்க, சித்தப்பா கட்டைவிரலைக் காட்டினார்.

“கெழங்கு போட்டா வவுத்துக்கு ஆகும். இதெ வெச்சு என்னடா பண்றது, நெத்தியில பொட்டு வெக்கறதா?”

“டவுன்ல டப்பாவுல போட்டு விக்கறாங்கண்ணா.”

“மொதல்ல ஊட்டுக்குப் பின்னால வெச்சுப் பழத்தைக் காட்டு. அப்பறம் பாக்கலாம்.”

பலாமரத்துக்கு அப்பால் மேட்டுப்பாத்தி கட்டி நட்டார். கார்த்திகையில் வெள்ளைப் பூ வந்தது. சித்தப்பா அத்தனை பூவையும் கிள்ளி எறிந்தார். சித்திக்குத் தாங்கவில்லை.

“பூவைக் கிள்ளிட்டாப் பழம் எங்கிருந்துங்க வரும்? மறுபடியும் பஸ்ஸேறத்தான் போறீங்க.”

“செடி தெம்பாகட்டும். பழம் சாமி கும்பிடற அன்னைக்கு வந்தாப் போதும்.”

எங்கள் வழக்கம் அப்படி. எந்தப் புது விளைச்சலும் தை மாதம், சாமை அறுப்பு முடிந்து, சாமிக்குப் படைத்த பிறகே வாய்க்குப் போகும். முன்னாலேயே ருசித்தவர் படையல் தட்டைத் தொடக்கூடாது. நிலத்துக்கு உடையவர்தான் தட்டைச் சுமப்பார். எங்கள் வீட்டில் அது அப்பா. சாமை எத்தனை நாளும் காத்திருக்கும். இந்தப் பழம் இரண்டு நாளில் அழுகிவிடும். அதனால் சித்தப்பா நாள் கணக்குப் பார்த்துப் பூவைக் கிள்ளியிருக்கிறார்.

மறுபடி பூத்துப் பிஞ்சு விட்டதும் மண் படாமல் அடியில் சாமைத்தாளைப் பரப்பினார். கொண்டைக்குருவி விரட்டுவது என் வேலை. படையலுக்கு முந்தின நாள் பதினோரு பழம் சிவந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் பாத்திக்குப் போனேன். அங்கே அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கை வாய்க்குப் போனது. வெகுநேரம் மென்றார். பச்சைக் காம்பைத் தாளுக்கு அடியில் செருகிவிட்டு எழுந்து போனார். பலாமரத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் சித்தப்பா பழம் பறித்தார்.

“பத்துதான் இருக்குது. கண்ணு, குருவி வந்துச்சா?”

அப்பா அருகிலேயே அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். நான் அதிகம் பேசாத பிள்ளை. அன்று பேச வேண்டியதாகிவிட்டது.

“ஆமாங்க சித்தப்பா. குருவிதான்.”

அரிவாள் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

“போவுது. குருவிக்கு ஏது வழக்கம்” என்றார் சித்தப்பா.

தட்டில் புதுச் சாமையும் பத்துப் பழமும் வைத்து அம்மா எடுத்து வந்தார். அப்பா கையை நீட்டவில்லை.

“எனக்கு முழங்கால் நோவுது. நீ எடுத்துட்டு வா” என்றார் சித்தப்பாவிடம்.

“நானாங்கண்ணா?”

“உம்பட பயிரு. நீதான் எடுக்கோணும்.”

சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டை வாங்கினார். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கோயில்வரை ஊரே பார்த்தது. அதன்பிறகு அரை ஏக்கரைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா பஸ் ஏறவும் இல்லை.

முந்தின நாள்தான் அப்பா கீழ்க்காட்டிலிருந்து ஒரு மூட்டைக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்திருந்தார். கோயிலுக்குப் போகும்போது அவர் பின்னாலேயே முழங்காலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நொண்டவில்லை. ருசித்தவர் தட்டைத் தொடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. வழியெல்லாம் என் கவலை வேறாக இருந்தது. நான் சொன்ன பொய்யை நம்பி, சாமி அந்தக் குருவியை என்ன செய்யுமோ என்று.