ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்

தினமும் கண் சிவந்து வீடு திரும்புகிறவரிடம் காரணம் கேட்பது நல்லதா, கேட்காமல் இருப்பது நல்லதா? ஒரு மாதமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதை முன்பே எழுதியிருந்தேன். சிவில் இன்ஜினீயர்... இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். வேறு வேலை கிடைக்கும் வரைதான். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

ஹெல்மெட் வாங்க நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். இங்கே வளைகுடாவில், அப்பாசியாவில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கடை. கடைக்காரர் பாகிஸ்தானி. மீடியம் சைஸை எடுத்து மாட்டிவிட்டார். கணவரின் கன்னம் இரண்டும் பிதுங்கி முன்னால் வந்தன.

“அப்பா, யூ லுக் லைக் எ ஃபிஷ்” என்றாள் ஐந்து வயது மகள்.

“பாய், பஹுத் டைட்” என்றேன்.

“டைட் அச்சா ஹை, பாபி. லூஸ் மாஃபி.” டைட்தான் நல்லது, லூஸ் கூடாது என்று தன் கன்னங்களை இரண்டு கையாலும் அழுத்திக் காட்டினார்.

நான் கேட்டேனா? நமக்குத்தான் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துப் பழக்கமாயிற்றே. மகளின் யூனிஃபார்ம்கூட இரண்டு வருடம் வருகிற மாதிரி தொளதொளவென்றுதான் இருக்கும். தவிர, இந்த வெயிலில் காற்று போக வேண்டாமா? லார்ஜ் எடுத்தேன். கண் கூசாமல் இருக்கட்டும் என்று முகத்தை மூடும் கண்ணாடிக்குக் கறுப்பு வைசர் போடச் சொன்னேன். கணவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார். வேலை போனதிலிருந்து அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வாரமே கண்கள் சிவக்க ஆரம்பித்தன. வழியில் எங்கேயோ நிறுத்தி அழுதுவிட்டு வருகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று பயம். தட்டில் இன்னொரு தோசை வைப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

போன வாரம் ஒரு காலையில் ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்தேன். உள்ளே, நெற்றிப் பக்கம், மகளின் பழைய சாக்ஸ் இரண்டு மடித்துச் செருகியிருந்தன.

“என்னங்க இது?”

“ஸ்பீடா போனா ஆடுது சுதா. திரும்பிப் பாத்தா தலை மட்டும்தான் திரும்புது. அது அங்கயே நிக்குது.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீ பாத்துப் பாத்து வாங்கினே...”

“அப்ப கண்ணு?”

“இருட்டினா கறுப்புக் கண்ணாடில ஒண்ணும் தெரியல. தூக்கிவிட்டுட்டு ஓட்டறேன். தூசிதான். வேற ஒண்ணும் இல்ல.”

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று அவர் ஒரு மாதம் ஹைவேயில் அப்படி ஓட்டியிருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாது என்று நான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பெருந்தன்மையெல்லாம் பக்கத்தில் வருகிற டிரெய்லருக்குத் தெரியுமா?

அன்றே போய் மீடியம் வாங்கினோம். கண்ணாடி போல் தெளிவான வைசர். கடைக்காரர் “மாஃபி முஷ்கில், பாபி”, ஒரு பிரச்சினையும் இல்லை என்று சிரித்தார். “சொன்னேனே” என்று சொல்லாமல் விட்டது அவர் நல்ல குணம்.

ஆனால் காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் மூச்சு பட்டு வைசரின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படிகிறதாம். மறுபடி தூக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார். மறுபடி தூசி.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆஃப். பைக்கைத் தொடவே இல்லை. சாயங்காலம் பார்த்தேன்... கண் சிவந்துதான் இருந்தது. கேட்கவில்லை.

வைசரைப் பற்றியாவது கேட்டுவிடுகிறேன். வளைகுடாவில் பைக் ஓட்டும் அண்ணன் தம்பிகளே, பனி படியாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? உள்ளே ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் நல்லதா? சோப்புத் தண்ணீர் தடவலாம் என்கிறார்களே, கண்ணுக்குக் கெடுதல் இல்லையா? தயவுசெய்து உடனே எழுதுங்கள். நீங்கள் இதைப் படிக்கும் நேரத்திலும் அவர் ரோட்டில்தான் இருப்பார்.