ஜப்பான் படம் பார்த்துவிட்டுக் குளித்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் மலேசியாவிலிருந்து சிட்னிக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தோம். அவன் எங்களை ஒரு ஜப்பான் படத்துக்குக் கூட்டிப்போனான். திரையிடக் கூடாது என்று தகராறு நடந்த படமாம். இரண்டாம் உலகச் சண்டை முடிகிற நேரத்தில், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த பெண்கள் எதிரிப் படைக்குப் பயந்து விஷம் குடித்துவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், சாவுக்குப் போய்வந்த மாதிரி தலைக்குக் குளித்தேன்.

என் வீட்டுக்காரர் ஈரத்தலையைப் பார்த்தார்.

"ஜப்பான்காரிங்களுக்கா குளிச்சே? அந்தச் சண்டையில ஜப்பான்காரனுங்க சயாம் ரயிலு போடப் பிடிச்சிட்டுப் போன எங்கண்ணன் திரும்பவே இல்ல. அவருக்கு யாரு குளிச்சா?"

"சின்னப் பொண்ணுங்க, பாவங்க. அண்ணனுக்கும் இன்னிக்கே குளிச்சிடலாமா?"

துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வேணாம். எங்கயாச்சும் உயிரோட இருந்தா?"

அந்தப் பெண்கள் எத்தனை பேர் என்பது மறந்துபோச்சு. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.