குட்டி நாற்காலியில் ஒரு பட்டதாரி

சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு பாலர் பள்ளிக்கு நான் வேன் ஓட்டுகிறேன். மின்விசிறி நின்றாலும் குழாய் அடைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பெரியவர்களிடம் பேசக் கூச்சப்படுவேன்.

எங்களிடம் பட்டதாரிகள் பயிற்சிக்கு வருவார்கள். என்ன பட்டம் வாங்கியிருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தனிச் சான்றிதழ் வேண்டும். ஒரு தவணை இங்கே வேலை பார்க்க வேண்டும். கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்து வகுப்பைப் பார்ப்பார். பள்ளியை நடத்துகிற எங்கள் பெரிய டீச்சரும் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி.

பெரிய டீச்சருக்கு ஒரு பழக்கம். பயிற்சிக்கு வந்தவர்களைப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார வைப்பார். முழங்கால் நெஞ்சில் இடிக்கும். "பிள்ளைங்க உயரத்துக்கு இறங்கணும்னு படிச்சீங்கல்ல? இறங்குங்க" என்று சொல்லிவிட்டு, வகுப்பே பார்க்கத் திட்டுவார்.

அந்த வருடம் வந்தவர் கடலுக்கு அக்கரையில் இருக்கிற தாசேக் கெலுகோர்ப் பெண். ஜுருவில் தொழிற்சாலைக் கணக்கு வேலையை விட்டுவிட்டு, இதை நம்பி வந்திருந்தார். நாங்கள் சின்ன டீச்சர் என்போம்.

"டிகிரி வாங்கியிருக்கே, ஒரு பிள்ளை கால்ல சப்பாத்து மாட்டத் தெரியல. மூளைய பஸ்லயே விட்டுட்டியாம்மா? உங்க ஊர்ல ரப்பர் மரம் நெறைய இருக்கும்லா, அதுங்களுக்குப் போய்ப் பாடம் எடு. எந்திரிச்சு ஓடாது."

பெரிய டீச்சர் இப்படித் திட்டத் திட்டப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சின்ன டீச்சரும் சிரிக்க முயல்வார்.

மேடம் வந்த அன்று பாடம், பாசார் விளையாட்டு; பிள்ளைகள் சந்தையில் கடை போட்டு விற்பதுபோல் விளையாடுவது. பழக்கடைக்குப் பெட்டிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன். ஆரஞ்சு விற்க வேண்டிய ஐந்து வயதுச் சிறுமி, பழத்தைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து வந்தாள்.

"டீச்சர், இங்க உக்காரு."

பிள்ளை விளையாடக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது. சின்ன டீச்சர் உட்கார்ந்தார். சிறுமி இடுப்பில் கை வைத்தாள்.

"சப்பாத்து மாட்டத் தெரியல! மூளைய பஸ்ல விட்டுட்டியாம்மா?"

"ரப்பர் மரம்! ரப்பர் மரம்!" என்று வகுப்பே கத்தியது.

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரிய டீச்சரும் சேர்ந்து சிரித்தார். அதோடு முடிந்திருக்கும்.

மேடத்தின் கார் வெளியேற நான் வேனை நகர்த்தினேன். அவர் கண்ணாடியை இறக்கினார். "கெட்டிக்காரப் பிள்ளைண்ணே. எங்க கத்துக்குது இதெல்லாம்?"

"பெரிய டீச்சர் அப்படித்தான் மேடம் திட்டுவாங்க."

அவர் முகம் மாறியது. இறங்கி உள்ளே போனார். என்னையும் வரச் சொன்னார்.

பெரிய டீச்சருக்குப் பதற்றமே இல்லை. "யாரு, நானா?" என்றவர், சின்ன டீச்சரின் தோளில் கை போட்டார். "நீயே சொல்லும்மா. நானா அப்படிப் பேசினேன்?"

சின்ன டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அண்ணன் வெளிய இருக்கிறவரு, மேடம். அவருக்குத் தெரியாது. நான்தான் பிள்ளைங்கள அப்படித் திட்டுவேன். அதப் பாத்துட்டுப் பேசுது."

"ரப்பர் மரமும் நீதானா?"

"ஆமா, மேடம்."

மேடம் சின்ன டீச்சர் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்கள இப்படிப் பேசுறவங்களுக்கு நான் எப்படிம்மா பாஸ் போடுறது?"

"விடுங்க மேடம், நம்ம பொண்ணு" என்றார் பெரிய டீச்சர். "இன்னொரு தவணை என்கிட்டயே இருக்கட்டும். நான் பழக்குறேன்."

மேடம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் பிள்ளைகளை இறக்கிய பிறகு, வழக்கம்போல் சின்ன டீச்சரைப் பெர்ரித் துறைக்குக் கொண்டுபோனேன். முன்சீட்டில் உட்காருகிறவர் அன்று கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

"நெசத்தத்தான் சொன்னேன், டீச்சர்."

"அவங்க சிரிச்சுட்டுப் போனாங்கண்ணே. அடுத்த வாரம் எனக்குக் கையெழுத்து. நான் போயிருப்பேன்."

"மேடம் கேட்டாங்க…"

"கேட்டா? வேன் ஓட்டுற ஆளு வேன ஓட்ட வேண்டியதுதானே. உங்களுக்கு என்ன தெரியும் வகுப்பப் பத்தி?"

துறையில் கதவைத் திறந்து போட்டபடியே இறங்கிப் போனார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. நான் சுற்றிப் போய்ச் சாத்தினேன்.

அடுத்த தவணை முழுவதும் நான்தான் அவரை ஏற்றி இறக்கினேன். கடைசி சீட்டில்தான் உட்கார்ந்தார்.